நான் துடைத்த பனி

சுங்க மேசையில் என் பையைத் திறந்த பெண் காராச்சேவைத் தொடவில்லை. பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அவள் கைக்கு அகப்பட்டது நீல நிற ஆஸ்பத்திரி ஃபைல். அதிலிருந்து ஒரு ஸ்கேன் படம் நழுவி விழுந்தது. அதை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, கூரை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"யாருடையது?" என்றாள்.

"மனைவி."

"இப்போது எப்படி இருக்கிறார்?"

"இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்த மில் இங்கிலீஷில் அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அவள் படத்தை உறைக்குள் மெதுவாகத் திரும்ப வைத்து, "மன்னியுங்கள்" என்று சொல்லி, ஃபைலை இரண்டு கையாலும் கொடுத்தாள். என் மகள் பார்க்க வேண்டிய படத்தை முன்பின் தெரியாத ஒருத்தி முதலில் பார்த்துவிட்டாள். அந்த உறுத்தலோடுதான் கனடாவுக்குள் நுழைந்தேன்.

நான் ராஜபாளையத்துக்காரன். பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகத் துணி பார்க்கிறேன். செக்கிங் டேபிள் என்று ஒன்று உண்டு. மேல்பலகை கண்ணாடி, அதற்கு அடியில் ட்யூப்லைட். துணி மேலே ஓடும்போது விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை, முடிச்சு எல்லாவற்றையும் கீழிருந்து வரும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். மில்லில் பஞ்சு பறந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு பீஸ் துணி முடிந்ததும் கண்ணாடியில் படிந்த பிசிறைத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நல்ல துணியும் மங்கலாகத் தெரியும். கை தானாகப் போய்த் துடைக்கும். ஓட்டலில் உட்கார்ந்தாலும் மேசையைத் துடைப்பேன். "சர்வர் பொழப்பக் கெடுக்காதீய" என்று பேச்சி சிரிப்பாள்.

பேச்சியம்மாள் என் மனைவி. போன வைகாசியில் இறந்தாள். எங்களுக்கு ஒரே மகள், கோமதி. உலகத்தின் வட கோடியில் கடல் உறைந்து கிடக்கும் ஒரு சிற்றூரில், அந்த உறைந்த கடலுக்கு அடியில் வெயில் எவ்வளவு இறங்குகிறது, எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் பொங்கல் முடிந்து அவள் கிளம்பிய மறு வாரம் பேச்சிக்குப் பரிசோதனை முடிவு வந்தது. குரல்வளையில் புற்று.

கோமதிக்கு அது முதல் வருடம். கடல்மேல் நின்று வேலை பார்க்க வருடத்தில் சில மாதம்தான் வாய்க்கும், விட்டால் அடுத்த வருடம்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிள்ளையின் படிப்பைக் கெடுக்க வேண்டாம், பேச்சி தேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நானாக முடிவெடுத்தேன். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பேச்சிக்குப் பேச்சு போய்விட்டது. கோமதி போன் செய்யும்போதெல்லாம், அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, கோயிலுக்குப் போயிருக்கா, இப்பத்தான் கண்ணசந்தா என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். கடைசி நாலு நாள் இருக்கும்போதுதான் "வா" என்றேன். பனிப்புயலில் விமானம் நின்றுபோய், அவள் வந்து சேர்ந்தபோது சாம்பலும் கரைத்தாகிவிட்டது. "பத்து நாளாத்தாம்மா முடியல" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கார்த்திகையில் என் தங்கை போனில் கோமதியிடம் வாய்தவறி எதையோ சொல்லிவிட்டாள். மறுநாளே கோமதி கூப்பிட்டாள். "அம்மா ஃபைலை அனுப்புங்கப்பா. நான் தேதி பாக்கணும்." தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி, விசாவைச் சாக்கு வைத்துச் சித்திரை வரைக்கும் ஓட்டினேன். பக்கத்தில் இருந்தால் முகம் பார்த்து ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் நினைப்பு. இந்தப் பயணத்துக்குப் புறப்பட்ட லட்சணம் இது.

யெல்லோநைஃப் என்ற ஊரில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். வடக்கே புயல் அடங்கினால்தான் சின்ன விமானம் கிளம்பும் என்றார்கள். எங்கள் ஊரில் பஸ் அரை மணி தாமதம் என்றால் நேரக் காப்பாளரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். இங்கே ஒருவரும் முனகவில்லை. சிலர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் சாய்ந்தார்கள். ஒரு குடும்பம் உறைந்த மீனைச் சீவிச் சீவிச் சாப்பிட்டது. எனக்கும் ஒரு சீவல் நீட்டினார்கள். வாயில் போட்டேன். மீன் கரைந்தது, பல் கூசியது, வாடை இல்லை. நான் கொடுத்த காராச்சேவைத் தின்றுவிட்டு அவர்கள் இருமியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அந்தக் குடும்பத்தில் ஓர் அம்மாளுக்குக் கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது. தெற்கே வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறாளாம். பழக்க தோஷத்தில் முதலில் கட்டுத் துணியைத்தான் பார்த்தேன். நல்ல நெசவு, இழை எங்கும் விடவில்லை. பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு கரகரத்த குரலில், நின்று நின்று, ஏதோ பேசினாள். பக்கத்தில் இருந்த அவள் தம்பி எனக்கு மொழிபெயர்த்தார்.

"மகளிடம் பேசுகிறாள். ராத்திரி வலித்தது, பயமாக இருந்தது என்கிறாள். அங்கே மகள் அழுகிறாள். அழுதுவிட்டு வா, காத்திருக்கிறேன் என்கிறாள் இவள்."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். ஏன் போனேன் என்று சொல்லிவிட வேண்டும். ஃபைலில் இருக்கும் தேதி என் ஒரு பொய்யைத்தான் காட்டும். இன்னொன்று அதில் இல்லை. பேச்சி கடைசி நாற்பது நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறிப் போவேன். பேச முடியாததால் மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டுவாள். "பிள்ளகிட்ட சொல்லிட்டீயளா?" என்பதுதான் தினமும் முதல் சீட்டு. "சொல்லிட்டேன்" என்பேன். "வாராளா?" என்று எழுதுவாள். "வேலை முடிஞ்சதும் வாரேன்னா" என்பேன். மகளுக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் அவள் போனாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தச் சீட்டுகளை எல்லாம் ஃபைலிலிருந்து உருவி, ராஜபாளையம் வீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் விமானம் கிளம்பியது. முன்பாதி முழுக்கச் சரக்கு, பின்பாதியில் நாங்கள். கேம்பிரிட்ஜ் பேயில் இறங்கினேன். நல்ல மீன் கிடைக்கும் இடம் என்று அந்த ஊர்க்காரர்கள் பாஷையில் அதற்குப் பெயராம். மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து நறநறத்தது. கண் மட்டும் தெரியும்படி அங்கி போட்டிருந்த யாரோ ஒருத்தி வந்து என் பையை வாங்கினாள். வாங்கிய விதத்தில்தான் கோமதி என்று தெரிந்தது. அவள் அம்மாவும் அப்படித்தான், கேட்க மாட்டாள், பிடுங்கிக்கொள்வாள்.

"கொண்டாந்தீங்களாப்பா?"

"சாப்பிட்டுப் பொறவு பேசுவோம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

அன்று அவள் அறையில் நான் மீன் குழம்பு வைத்தேன். ஆர்க்டிக் சார் என்ற மீன், சதை இளஞ்சிவப்பாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன புளி. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். "புளி கூடிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள். இரவு ஒன்பது ஆகியும் வெளிச்சம் போகவில்லை. தூக்கம் வருகிறது என்று பொய்யாகக் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டேன். ஃபைல் என் பெட்டியிலேயே இருந்தது.

மறுநாள் காலை என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனாள். முன்னால் பனி ஸ்கூட்டர், பின்னால் கயிற்றில் கட்டிய மரச் சறுக்கு வண்டி. அந்த வண்டியில் கம்பளித் தோல் விரித்து என்னைப் பார்சல் மாதிரி உட்கார வைத்தார்கள். ஓட்டியவர் ஜோனா, அந்த ஊர்க்காரர். கரடி வந்தால் விரட்டத் துப்பாக்கி வைத்திருந்தார். வழியில் வண்டிநாய்கள் கட்டிக் கிடந்ததைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய்ச் சாதி உண்டு என்று பெருமையடித்தேன்.

"வண்டி இழுக்குமா?" என்று கேட்டார்.

"இழுக்காது. கடிக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. நான் பனியில் உருண்டேன். கோமதி ஓடிவந்து தூக்கிவிட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் என்னைத் தொட்டாள்.

கரை பின்னால் மறைந்த பிறகு ஓரிடத்தில் நிறுத்தினார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. காலடியில் கடல் என்று நம்ப முடியவில்லை. உறைந்த கடலைக் கட்டி என்றும், அதன்மேல் விழுந்து கிடக்கும் தூளைப் பனி என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். கட்டியின் கனம் என் உயரத்துக்குச் சற்று மேல் இருக்கும். பனி முழங்காலுக்குக் கீழே.

"வெயிலைத் தடுக்கிறது கட்டி இல்லப்பா, பனிதான்" என்றாள் கோமதி. வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் பழைய வேகம் வந்தது. "விழுற வெயில்ல முக்காவாசிக்கு மேல பனி திருப்பி எறிஞ்சிரும். அதான் இங்க கண்ணு கூசுது. மிச்சம் இருக்கறது பனிக்குள்ள சிதறிச் சிதறி இறங்கும். கட்டிக்குள்ள உப்புத் தண்ணி சின்னச் சின்னக் குழியா நிக்கும், காத்துக் குமிழி இருக்கும். அதுல பட்டு இன்னும் சிதறும். சிவப்பு முதல்ல போயிரும். கடைசியா நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் மட்டும் கடலுக்குப் போய்ச் சேரும். அங்க நிழல்னு ஒண்ணு விழாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம்."

"அம்புட்டு மங்கல்ல கீழ என்னட்டி இருக்கும்?"

"பாசி. கட்டியோட அடிப்பக்கத்துல, டீக் கறை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அத நம்பித்தான் கூனி, கூனிய நம்பி மீனு, மீன நம்பி சீலுங்கற கடல்நாயி. பொறவு ஜோனா வீடு."

நாலு மூங்கில் குச்சியில் ஆரஞ்சு நாடா கட்டி ஒரு சதுரம் வைத்திருந்தாள். தள்ளி ஓரிடத்தில் துளை போட்டு, அதன் வழியே மடக்குக் கை ஒன்றைக் கீழே விட்டு நீட்டியிருக்கிறாளாம். அதன் நுனியில் வெயிலை அளக்கும் கண், சதுரத்துக்கு நேர் அடியில். பனியை யாரும் மிதித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடு. இந்தப் பருவம் முழுக்க அது அங்கேயே இருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். "கொடிக்குள்ள கால் வைக்காதீங்கப்பா" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, "இந்த வருசம் பனி கூட. கீழ இருட்டாவே கிடக்கு" என்றாள்.

அதற்குள் ஜோனா இன்னோர் இடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார். துளையில் கருவி சிக்கிக்கொண்டதாம். எனக்கு ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்து, "செத்த நேரம் இருங்க, வந்திருதேன்" என்று போனாள்.

டீயைக் குடித்தேன். சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு அது ஒரு செக்கிங் டேபிள், மேலே பிசிறு படிந்து மங்கிக் கிடக்கிறது. கீழே என் மகளின் கண், வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறது. இருட்டாகக் கிடக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சறுக்கு வண்டியில், இயந்திரத்தின் மேல் படியும் பனியைத் தட்டுவதற்காக ஒரு துடைப்பம் இருந்தது. கொடிக்குள் கால்தானே வைக்கக் கூடாது. வெளியே முழங்கால் போட்டு, துடைப்பத்தை நீட்டி, நடுவில் இருந்த பனியைத் தள்ளித் தள்ளித் துடைத்தேன்.

கீழே கட்டி தெரிந்தது. சாம்பலும் நீலமுமாக, கனத்த கண்ணாடி போல. வெயில் அதன் மேல் விழுந்து உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பேச்சி போன பிறகு கோமதிக்காக நான் செய்த முதல் உருப்படியான காரியம் இது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே முழங்காலில் இருந்தேன்.

தூரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். தொட்டது என்று ஒன்றும் இல்லாத அந்த வெள்ளையில் என் துடைப்பத் தடம் மட்டும் அலங்கோலமாகக் கிடந்தது. கேட்காமல் கை வைத்துவிட்டேன் என்று உறைத்தது. அவசர அவசரமாகத் தள்ளிய பனியை இழுத்து மூடி, துடைப்பத்தின் பின்பக்கத்தால் தட்டிச் சமமாக்கினேன். நல்லவேளை என்றுதான் அப்போது நினைத்தேன், கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பித் தடத்தை மூடிவிட்டது.

திரும்பும்போது ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். "ஏட்டி, பனியைத் துடைச்சுவிட்டா பாசிக்கு நல்லதுதானே? வெயில் கூடக் கிடைக்கும்ல?"

"ஐயோ. அது மங்கல்லயே வளந்ததுப்பா. திடீர்னு அம்புட்டு வெயில் வந்தாத் தாங்காது. வெளிறிப்போயி, கட்டியிலேருந்து உதிர்ந்தாலும் உதிர்ந்துரும். அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. தானாப் பனி கரையும், கொஞ்சங் கொஞ்சமா வெளிச்சம் கூடும், அதுவும் பழகிக்கும்."

கம்பளித் தோலுக்குள் எனக்கு வியர்த்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த நாள் ஜோனாவும் அவளும் மட்டும் போய், அந்தக் கண் குறித்து வைத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு மதியம் வந்தார்கள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கோமதி அங்கியைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தபடி இருந்தாள். கீழே தரையோடு தரையாக ஒரு கோடு ஓடியது. ஓரிடத்தில் சுவர் மாதிரி நிமிர்ந்து எழுந்தது. கொஞ்சம் தள்ளி, அதே மாதிரி விழுந்தது.

"ப்பா. நேத்து பதினொண்ணு நாப்பதுக்குக் கீழ வெயில் வந்திருக்கு. பன்னெண்டு பத்துக்குப் போயிருக்கு."

"காத்து தள்ளியிருக்கும்" என்றேன்.

அவள் ஜோனாவிடம் ஏதோ கேட்டாள். "அந்த நேரத்தில் காற்றே இல்லை. பிறகுதான் வந்தது" என்றார் அவர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனார். அந்த மனிதரின் நாகரிகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கோமதி திரும்பினாள். "மூடிட்டாக் கீழ தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவள் பனியைப் பற்றித்தான் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நாந்தான் துடைச்சேன். உனக்கு நல்லதுன்னு நினைச்சேன் தாயி. பொறவு பயந்துபோயி மூடிட்டேன்."

"கேட்டிருக்கலாம்லப்பா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மேசை இழுப்பறையிலிருந்து தன் குறிப்பு நோட்டை எடுத்தாள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எதனால் துடைத்தேன், எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "செக்கிங் டேபிள் அம்புட்டு இருக்கும்" என்றேன். "நாலுக்கு ஆறு அடி" என்று எழுதிக்கொண்டாள். அந்த அளவு அவளுக்கே தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பிள்ளைதானே.

"இனிமே இந்த இடம் நான் நினைச்சதுக்கு உதவாது. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதிட்டா, துடைச்ச இடம் என்ன ஆகுதுன்னாவது பாக்கலாம். எழுதாம விட்டாத்தான் எல்லாமே பொய்யாப் போகும்." நோட்டை என் பக்கம் திருப்பினாள். "கையெழுத்துப் போடுங்க. நேரமும் போடுங்க."

போட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து ஃபைலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். முதல் தாளிலேயே தேதி இருந்தது, தை மாதத்துத் தேதி. அவள் அதன்மேல் விரலை வைத்தாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். நிறுத்த முடியவில்லை. சீட்டுகளைப் பற்றிச் சொன்னேன். "சொல்லிட்டேன்" என்று தினமும் பேச்சியிடம் நான் சொன்னதைச் சொன்னேன். நீ வேலை முடிந்து வருவதாகச் சொன்னாய் என்று உன் பேரில் நான் பதில் சொன்னேன் என்றும் சொன்னேன்.

கோமதி எழுந்து அங்கியின் பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டாள். வெளியே போய் ஜோனாவின் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வழியே அவள் முதுகு தெரிந்தது. சோறு ஆறி விறைத்தது. திரும்பி வந்தவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தச் சீட்டெல்லாம் எங்க?"

"வீட்டுல. பீரோவுல."

"நான் பாக்கணும்."

மிச்சம் இருந்த மூன்று நாளும் என்னோடு அளவாகப் பேசினாள். சாப்பிடுங்க, குல்லா போடுங்க, வழுக்கும். கிளம்பும்போது அந்தத் துடைத்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பாசி வெளிற ஆரம்பிச்சிருக்கு" என்றாள். நல்லவிதமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

வைகாசியில் முதல் வருசத் திதிக்குக் கோமதி வந்தாள். கட்டி உருகுவதற்கு முன்னால் முக்கியமான வாரம் அது. வேறோர் ஆளிடம் இடத்தை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். ராஜபாளையத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. திதி முடிந்த மறுநாள் விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும் என்றாள். நான் தினமும் போன அதே பஸ், அதே ஜன்னலோர சீட்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை அடையாளம் கண்டு உள்ளே விட்டாள். பேச்சி படுத்திருந்த கட்டிலில் மம்சாபுரத்துக்காரர் ஒருவர் படுத்திருந்தார். காலடியில் அவர் மகள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு நேரே ஜன்னல், அதில் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. கோமதி அதைப் பார்த்தாள். ஆரஞ்சு உரிக்கிற பெண்ணையும் பார்த்தாள். "போவோம்ப்பா" என்றாள்.

சீட்டுகளை வீட்டில் அவளிடம் கொடுத்தபோது படிக்க முடியவில்லை. சன்னமான தாள், கை நடுங்கி எழுதிய பென்சில், ஃபைலில் தாளோடு தாள் உரசி உரசி எழுத்து மங்கியிருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள், டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருவருக்கும் ஒரே யோசனைதான். மறுநாள் மில்லுக்குக் கூட்டிப்போனேன்.

காலை ஷிப்டில் மேஸ்திரியிடம் சொல்லி, என் டேபிளைச் செத்த நேரம் வாங்கிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலைத்தது. கண்ணாடியில் வெள்ளையாகப் பிசிறு படிந்திருந்தது. என் கை வழக்கம்போல் கிளம்பிவிட்டது. பாதியில் நிறுத்தினேன்.

"துடைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கோமதி என் கையைப் பார்த்தாள். "துடைங்கப்பா" என்றாள்.

துடைத்தேன். அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் பரப்பினாள். கீழிருந்து வந்த வெளிச்சத்தில், மருந்துப் பெயர்களுக்கு நடுவே பென்சில் அழுத்திய இடமெல்லாம் எழுந்து வந்தது. பிள்ளகிட்ட சொல்லிட்டீயளா. வாராளா. என்ன சொன்னா. சொல்லிட்டீயளா. அவள் உதடு அசைய அசையப் படித்தாள். தறி ஓடும் சத்தத்தில் அவள் அழுதது கேட்கவில்லை, தோள் மட்டும் தெரிந்தது. கடைசிச் சீட்டில் எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தது.

"வரலன்னு பிள்ளைய வையாதீய. அங்க குளிரு. வேலைய முடிச்சிட்டு வரட்டும்."

"இதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு தலையாட்டினேன்."

"என்னைய மன்னிச்சிட்டுத்தான் போயிருக்கா. நான் செய்யாத ஒண்ணுக்கு" என்றாள் கோமதி. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்.

டேபிளில் துணியில் குறி போட வைத்திருக்கும் பென்சில் ஒன்று கிடந்தது. அதை எடுத்து, அம்மாவின் எழுத்துக்குக் கீழே மிச்சம் இருந்த இடத்தில் குனிந்து எழுதினாள். "அம்மா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன். கோமதி." தேதி போட்டாள். நிமிர்ந்து பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் எழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் இடம் இருந்தது. "நான் சொல்லவில்லை, பேச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நேரமும் போடுங்கப்பா" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை எட்டு இருபது. அதையும் எழுதினேன்.